காவி படாத ஓலைகள்

டங், டங் என்று உளிச் சத்தம் அரண்மனை வாசலுக்கு வெகு தூரத்திலேயே காதில் விழுந்தது. சபைக்கு அழைக்கப்பட்ட தாண்டவ வாத்தியார் அதைக் கேட்டபடியே நடந்தார். அவருடைய பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிற நாளில் யாருக்கோ கல்வெட்டு தயாராகிறது.

பூவனூர்ச் சீமையை வல்லாளராயன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பிள்ளைகள் எழுதிய ஓலைகளில் வாத்தியார்கள் சிவப்புக் காவிக் குழம்பால் பிழைகளைச் சுழித்திருந்ததை ஒருநாள் பார்த்து, கண்ணை உறுத்துகிறது என்று முகம் சுளித்தார். கல்வி அதிகாரி அம்பலவாணர் சும்மா இருப்பாரா? காவி படாத பள்ளிக்குப் பட்டுச் சால்வை, காவி மிகுந்த பள்ளிக்குப் பூட்டு என்று ஆணை வாங்கிவிட்டார். மறுநாளே வாத்தியார்கள் காவிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். பிள்ளைகள் கைபோன போக்கில் எழுதினார்கள். நாட்டில் பிழையே ஒழிந்தது என்று அம்பலவாணர் முழங்கினார். தாண்டவர் மட்டும் கை அடங்காமல் பிழைகளைச் சுழித்துக்கொண்டே இருந்தார்.

சபையில் அவருடைய ஓலைக்கட்டை அம்பலவாணர் தூக்கிக் காட்டினார். "இது பள்ளிக்கூடமா, வெற்றிலை துப்பிய சுவரா?"

சபை சிரித்தது. தாண்டவரும் சிரித்துவிட்டு, வெளியே கல்வெட்டு யாருக்கு என்று கேட்டார். பிழையை ஒழித்த அம்பலவாணருக்குத்தான். வாசகத்தை அரண்மனைப் புலவர் எழுதப்போகிறார் என்றார்கள்.

"புலவர் எதற்கு மகாராஜா? சால்வை வாங்கிய பள்ளிப் பிள்ளையே கல்லில் எழுதட்டும். எழுதினபடியே சிற்பி வெட்டட்டும். ஐயாவுக்கு இதைவிடப் பெருமை ஏது?"

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாரும் வாசலில் இருந்த கல்லுக்கு வந்தார்கள். அந்தப் பள்ளியின் முதல் மாணவி வந்து, புலவர் சொல்லச் சொல்லக் காவிக் கிண்ணத்தில் குச்சியைத் தோய்த்து மளமளவென்று எழுதினாள். சிற்பி உளியை எடுத்தார். தன் பெயரே பிழையாக இருப்பதைப் பார்த்த அம்பலவாணர் கை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறு அப்பா. யாராவது ஒருதரம் பார்த்துவிட்டால்..."

"பிழையே வராத பள்ளி ஆயிற்றே, ஐயா," என்றார் தாண்டவர்.

"கல்லில் விழுந்தால் அழியாது, வாத்தியாரே."

"பிள்ளைகள் மனசில் விழுந்தால் மட்டும் அழியுமா?"

அம்பலவாணர் காவிக் கிண்ணத்தை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தார். அவர் பிழையைச் சுழித்ததும் அந்த மாணவி ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். "தப்பென்று முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாமே?"

ராஜா தலைகுனிந்தார். ஆணை கிழிந்தது, பள்ளிக்கு வந்த பூட்டு திரும்பிப் போயிற்று, அதிகாரி தோளில் கிடந்த சால்வை வாத்தியார் தோளுக்கு வந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் தினம் காவி அரைத்துக் கொடுப்பது இனி அம்பலவாணர் வேலை என்றார் ராஜா.

தாண்டவர் பள்ளிக்கு வந்து சால்வையை ஆணியில் மாட்டினார். கிண்ணத்தில் காவி காய்ந்துபோயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பாதியில் விட்ட ஓலையை எடுத்தார்.