பொந்தில் சாது, புல்லில் முரடன்

ஒரு குளத்தங்கரை விலங்குகளுக்கு விசித்திரமான வழக்கம் ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரப் புல்லையெல்லாம் மண் தெரிய மேய்ந்துவிடும். ஒரே ஓர் அறுகம்புல் திட்டை மட்டும் கோடைக்கென்று தொடாமல் விட்டுவைக்கும்.

அந்த வருடம் கோடைக்கு முன்பே திட்டு குறையத் தொடங்கியது. வெண்ணி என்ற தாய் முயலுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வளையில் நாலு குட்டிகள். திட்டு போனால் நாலும் பட்டினிதான்.

“கொக்கண்ணே, புல்லை வெட்டுக்கிளிகள்தானே தின்கின்றன?” என்று திட்டின் காவல்காரக் கொக்கிடம் கேட்டது.

“விசாரித்தாயிற்று. ஒன்றைப் பிடித்து இரண்டு நாள் மரப்பொந்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் இலையைக் கொறித்துவிட்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டது. பரம சாது. இப்படி ஒவ்வொன்றாக மூன்றைப் பிடித்தேன், மூன்றும் அப்படித்தான். இது மான்களின் வேலை.”

“பொந்துக்குள் பார்த்தீர்கள். புல்லுக்குள் பார்த்தீர்களா?”

“அந்த நெரிசலுக்குள்ளா? என் இறகு அழுக்காகிவிடாதா?”

இறகுக்குப் பயந்த காவல்காரனை நம்பிப் பயனில்லை. வெண்ணி தானே திட்டுக்குள் நுழைந்தது. மேலெல்லாம் வெட்டுக்கிளிகள் மொய்த்தன, காதைக் கடித்தன. அது திரும்பவில்லை.

கொக்கு பொந்திலிருந்து விடுவித்த மூன்றாவது வெட்டுக்கிளி அப்போதுதான் அதன் கண்ணெதிரே பறந்து வந்து இறங்கியது. பக்கத்தில் இருந்த ஒன்று அதன் பின்னங்காலை இடித்தது. இன்னொன்று இடித்தது. சிறிது நேரத்தில் அந்தச் சாதுவும் முட்டி மோதிக்கொண்டு புல்லை வெட்டி விழுங்கத் தொடங்கியது.

“பொந்தில் ஒழுங்காகத்தானே இருந்தாய்?” என்றது வெண்ணி.

“அங்கே யாரும் என்னை இடிக்கவில்லை அக்கா. இங்கே இடிபட இடிபட வெறி ஏறுகிறது. நின்றால் பின்னால் வருகிறவன் என் காலையே தின்றுவிடுவான்.”

“வேறு இடம் போகலாமே?”

“எங்கே போக? சுற்றிலும் நீங்கள் ஒரு புல்லாவது விட்டுவைத்தீர்களா?”

வெண்ணிக்குச் சுருக்கென்றது. இந்தக் கூட்டத்தைக் கூட்டியது தாங்கள்தான் என்று புரிந்துபோயிற்று.

அன்றே திட்டின் ஓரத்தில் புல்லை வேரோடு பிடுங்க ஆரம்பித்தது. குளத்தைச் சுற்றி ஈரச் சேற்றில் இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி என்று ஊன்றியது.

“பைத்தியமே, இருப்பதையும் பிடுங்குகிறாயே!” என்று கொக்கு கத்தியது.

“கத்துங்கள். என் குட்டிகள் பிழைத்தாக வேண்டும்” என்றது வெண்ணி, வாயில் புல்லோடு.

பத்து நாள் பிடுங்கியது, ஊன்றியது. வாய் ஓரம் புண்ணாகிவிட்டது. ஆனால் ஊன்றியவை துளிர்த்தன. வெட்டுக்கிளிகள் அவற்றைத் தேடி இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து போயின. பிரிந்தவை ஆளுக்கோர் இலையோடு அடங்கிவிட்டன. பாதித் திட்டு மிஞ்சியது. நாலு குட்டிகளும் அந்தக் கோடையைத் தாண்டின.

புல்லுக்குள் நெரியும் வெட்டுக்கிளியானாலும் சரி, அணுக்கருவுக்குள் நெரியும் நியூட்ரான் போன்ற துகளானாலும் சரி, தனியே இருக்கும்போது ஒரு குணம், கூட்டத்துக்குள் வேறு குணம் என்பதால், அது இருக்கும் இடத்துக்குள் போய்ப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.