ஏகமனதாக

மாசிலாமணி ஐயர் வெயிலில் நடந்தே வந்திருந்தார். வெள்ளை அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். தலை நரைத்தவர், அடுத்த வருடம் ஓய்வு. ஆனாலும் வேதபோதகத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவரைப் போலத்தான் நின்றார்.

வேதபோதகம் இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ஒரு பேராயரின் கீழ் வரும் அந்தத் திருமண்டலத்தில் இருக்கிற ஐயர்மார் முக்கால்வாசிப் பேருக்கு ஆதித் திருச்சபையின் சங்கம் என்றால் என்ன, மன்றம் என்றால் என்ன என்று போதித்தது அவர்தான். இப்போது தனிக்கட்டை. தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாடே மாசிலா. சாப்பிட்டியா?"

"இல்லைய்யா. ஞானாபரணம் இறந்துட்டாரு."

"கேள்விப்பட்டேன். துக்க மணி அடிக்கலையேன்னு நெனச்சேன்."

"அடிக்கக் கூடாதுன்னுட்டாவ."

வேதபோதகம் அடுத்த கொத்தை எடுத்தார்.

ஞானாபரணம் யாரென்று சொல்லிவிட வேண்டும். மாசிலாமணி ஐயரின் சபைக்காரர், சபையின் சார்பில் திருமண்டல மன்றத்துக்குப் போய்வந்தவர். அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முற்றி நாற்காலி நகரும் சத்தம் கேட்டால், தலைவர் எழுந்து "ஜெபத்தில் முடிப்போம்" என்பார். எல்லாரும் கண்ணை மூடுவார்கள். ஜெபத்தில் மழைக்கும் நோயாளிகளுக்கும் நடுவே தீர்மானம் நைசாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஜெபத்துக்கு ஆமென் சொல்லாமல் இருக்க யாருக்கு மனசு வரும்? செயலர் "ஏகமனதாக" என்று எழுதிக்கொள்வார். பிறகு மதியச் சாப்பாடு.

ஞானாபரணம் ஒருநாள் கண்ணைத் திறந்தார். "நான் ஆமென் சொல்லலை. கை தூக்கச் சொல்லுங்க, எண்ணிப் பாப்போம்" என்றார். யாரும் எண்ணவில்லை. பிரியாணி ஆறுகிறது என்றார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். அடுத்த மன்றத்தில் அவரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதுவும் ஜெபத்தில்தான்.

இப்போது அவர் வீட்டு முற்றத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். நீக்கப்பட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று திருமண்டல அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே, ஓடைக் கரையில், கருவேல முள்ளுக்கு நடுவில் புதைத்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு எடுக்க வேண்டும்.

"அவரு சம்சாரம் உள்ளதான் கிடக்காவ. பக்கத்துல தனக்குன்னு இடம் விட்டு வச்சிருக்காரு. மக எப்சிபா என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுய்யா. 'ஐயரே, எங்க அம்மா பக்கத்துல படுக்க வையுங்க, வேற ஒண்ணும் கேக்கலை'ன்னுது."

"நீ என்ன சொன்ன?"

"மன்றம்தான் சொல்லணும்மான்னேன்."

"சரிதான்."

"பேராயர்ட்ட போனேன். 'நான் தனியாளு ஐயரே, மன்றத்துத் தீர்மானத்தை மீற முடியுமா'ன்னாரு. செயலர்ட்ட போனேன். 'எழுதுறதுதான் என் வேலை, ஆவியானவர் நடத்தின மன்றம்'னாரு. உறுப்பினருங்ககிட்ட கேட்டேன். எல்லாரும் சொன்னதைத்தான் நாங்களும் சொன்னோம்னு ஒரே போல சொல்லுதாவ. ஒருத்தராவது நான்தான் செஞ்சேன்னு சொன்னா அவர் காலில போயி விழலாம். விழுறதுக்கு ஒரு கால் இல்லைய்யா."

மனிதர் நிஜமாகவே விழுந்து பார்க்கத் தயாராகத்தான் இருந்தார்.

வேதபோதகம் காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"ஐயா, நீங்கதான் சொல்லித் தந்தீங்க. ஒத்தை ஆள் தப்பு செய்வான், பத்து பேரு கூடி ஜெபிச்சு முடிவெடுத்தா தப்பு குறையும்னு. அதுக்குத்தான் மன்றம்னு."

"பாடத்துல அப்படித்தான் இருந்துது. நீ நல்லா எழுதுன. நான் மார்க்கும் போட்டேன்."

"ஆதிச் சபைக் காலத்துச் சங்கத்துல இப்படி நடக்கலையே?"

"அங்க கத்துனாங்க. ஒருத்தனை ஒருத்தன் கள்ளப் போதகன்னான். தோத்தவனை நாடு கடத்துனாங்க. அக்கிரமம்தான். ஆனா வேண்டாம்னு சொன்னவன் பேரு இன்னைக்கும் நமக்குத் தெரியுது. நாடு கடத்துனவன் பேரும் தெரியுது."

"அப்போ மன்றமே தப்பு செஞ்சா யார்ட்டய்யா போயிச் சொல்ல? இதைக் கேக்கத்தான் வந்தேன்."

வேதபோதகம் கையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டினார்.

"மனசு கலங்கிப்போயி வந்திருக்க. முதல்ல ஜெபிப்போம்."

மாசிலாமணி ஐயர் சட்டென்று முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். இந்த இரண்டு நாளில் ஐயருக்காக ஜெபிக்கலாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதிலேயே அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"இரக்கமுள்ள பரலோகப் பிதாவே" என்று வேதபோதகம் ஆரம்பித்தார். கல்லூரி ஆலயத்தில் கேட்ட அதே குரல். "இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். காய்ந்து கிடக்கிற எங்கள் குளங்களுக்கு மழையைத் தாரும். பேராயருக்கு நல்ல சுகத்தைக் கொடும். படுக்கையில் இருக்கிறவர்களைத் தொடும். பிரயாணத்தில் இருக்கிறவர்களைக் காத்துக்கொள்ளும். மரித்துப்போன ஞானாபரணத்தை வேலிக்கு வெளியே முள்ளுக்குள் தள்ளி, அவருக்காக அழுகிற எப்சிபாவையும் அவள் பிள்ளைகளையும் உம்முடைய சபையை விட்டு நீக்கி வைக்கக் கிருபை செய்யும். ஊழியர்களைப் பெலப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே."

"ஆமென்" என்றார் மாசிலாமணி ஐயர்.

நன்றாக, மனசாரத்தான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வேதபோதகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன ஜெபிச்சேன்டே?"

"மழைக்கு. பேராயர் சுகத்துக்கு. நோயாளிங்களுக்கு, பிரயாணம் போறவங்களுக்கு..."

"அப்புறம்?"

ஐயருக்கு வரவில்லை. நாலு மணியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வேதபோதகம் அந்த வரியை மட்டும் திரும்பச் சொன்னார். மெதுவாக, ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னார்.

மாசிலாமணி ஐயரின் முகம் வெளுத்தது.

"ஐயோ. நான் கவனிக்கலைய்யா."

"அங்கயும் யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

"நல்லது நடக்கட்டும்னுதான் ஆமென் சொன்னேன்."

"அவங்களும்தான்."

"அவரை நீக்குன அன்னைக்கு நானும் மன்றத்துல இருந்தேன்யா." இதைச் சொல்லும்போது ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் சபைக்காரரு. என் கையால நற்கருணை வாங்குனவரு."

"தெரியும்டே. நானும் முப்பது வருஷம் அங்க உக்காந்தவன்தான். என் ஆமென் கொஞ்சம் சத்தமா வேற இருக்கும்."

வெளியே யாரோ சைக்கிளில் ஐஸ் விற்றுக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் அது கேட்டது. ஐயருக்கு முற்றத்து ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது.

"கல்லறைத் தோட்டம் இப்ப பூட்டியா கிடக்கு?" என்று வேதபோதகம் கேட்டார்.

"ஆமாய்யா. காலையில பூட்டுனேன்."

"யாரு?"

"நான்தான்."

"சாவி?"

ஐயரின் கை அங்கிப் பைக்குப் போனது. உள்ளேயே நின்றது.

"என்கிட்டதான் இருக்கு. சபையில எப்பவுமே ஐயர்கிட்டதான் இருக்கும்."

அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை ஓடியது. இத்தனை பேரிடம் அலைந்தும் கிடைக்காதது இங்கே கிடைத்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

"ஐயா, நீங்க திறன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயித் திறந்துடுதேன்."

"யாராவது கேட்டா, வேதபோதகம் சொன்னாருன்னு நீ சொல்லிக்கிடலாம், என்னடே?"

ஐயர் பைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நானும் உனக்கு ஒரு மன்றமாடே?"

மணி இரண்டேகால். நடந்தால் ஊருக்கு ஒரு மணி நேரம். ஐயர் எழுந்திருக்கவில்லை. பைக்குள் சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வேதபோதகம் அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஐயருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தீர்மானம் போட்டாங்க. மணி அடிக்காதன்னாங்க. பூட்டச் சொன்னாங்க. சாவியைக் குடுன்னு கேட்டாங்களா?"

"கேக்கலைய்யா."

"ஏன் கேக்கலை?"

மாசிலாமணி ஐயர் யோசித்துப் பார்த்தார். "தெரியலையே" என்றார்.

வேதபோதகம் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உன்னை அவங்களுக்குத் தெரியும்டே."