பத்தொன்பதாவது பெயர்

வேதமணி இருபத்து நான்கு வருடங்கள் ஒரே கல்லூரியில் ஹாக்கி கோச்சாக இருந்தவர். ஓய்வுபெறும் நாளிலும் அவருக்கு ஒரு வேலை மீதி இருந்தது. பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியின் பட்டியலை அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து சண்முகக்கனிதான் கோச். முப்பத்து மூன்று வயது. அவரிடம் ஆடியவள், ஐந்து வருடமாக அவருக்குத் துணையாக இருப்பவள். "இந்தத் தடவை நீயே எடு" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் பட்டியலோடு அவர் அறைக்கு வந்தாள்.

"பத்தொன்பது பேர் சார். பதினெட்டுப் பேர்தான் போகலாம்."

"யாரை விட்டிருக்கே?"

"முத்துப்பேச்சி."

அவர் தாளை வாங்கிப் படித்தார். முத்துப்பேச்சி முதல் வருட மாணவி. அணியிலேயே வேகமானவள். மூன்று வாரத்துக்கு முன்னால் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அவளை ஊரிலிருந்து இந்தக் கல்லூரிக்குக் கூட்டிவந்ததே வேதமணிதான்.

"சரியாத்தான் எடுத்தியா?"

"ரெண்டு நாளா யோசிச்சேன் சார். இப்ப ஆடினா அந்தக் கால் போயிரும்."

அவர் மறுபடியும் ஒருமுறை படித்தார். பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள் சண்முகக்கனி. "அவகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"வா" என்று எழுந்தார்.

"நாலு மணிக்கு விழா சார். பழைய பிள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க. நாளைக்கு நான் சொல்லிக்கிறேன்."

"மைதானத்துலதான் இருப்பா. பக்கம்தான், நடந்தே போயிரலாம்."

அணியிலிருந்து விடுபட்டவர்களுக்கு அவர் காலத்தில் ஒருநாளும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அது தெரிய வந்ததில்லை. அவரே போய்ச் சொல்வார். விடுதிக்குப் போயிருக்கிறார், வீட்டுக்குப் போயிருக்கிறார், ஒருமுறை கல்யாண மண்டபத்துக்குக்கூடப் போயிருக்கிறார்.

முத்துப்பேச்சி மைதானத்து ஓரமாகத் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். கணுக்காலில் பட்டைத் துணி சுற்றியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் மட்டையைக் கீழே ஊன்றி நின்றாள்.

"பேச்சி, லிஸ்ட்டுல உன் பேர் இல்லம்மா" என்றார் வேதமணி.

அவள் சண்முகக்கனியைப் பார்த்தாள். "அக்கா?"

சண்முகக்கனி வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அக்காவைக் கேக்காதே. கையெழுத்துப் போட்டது நான்."

"கால் சரியாயிருச்சு சார்."

"வலது பக்கம் திரும்பும்போது அரை அடி பிந்துறே. நான் மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஒரே ஒரு மேட்ச்சாவது சார். பாதி நேரம்."

"இல்லம்மா."

கல்லூரிக் கலையரங்கத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேதமணியின் பெயரை யாரோ மூன்று தடவை சொன்னார்கள். மைதானம் வரைக்கும் கேட்டது.

முத்துப்பேச்சியின் குரல் மாறியது. "எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க? பிள்ளையை அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்க. உங்களை நம்பித்தான் அனுப்பினாரு. இப்ப டீம்லயும் இல்லைங்கீங்க. நீங்களும் இன்னைக்கோட போறீங்க."

வேதமணி ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார்.

"அடுத்த வருஷம்னு சொல்லுவீங்க. அடுத்த வருஷம் நீங்க எங்க இருப்பீங்க?"

அவர் வெயிலில் அப்படியே நின்றார். அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். சண்முகக்கனி இரண்டு தடவை முன்னால் போகப் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் கையை லேசாக நீட்டித் தடுத்தார்.

கடைசியில் முத்துப்பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு எல்லாரும் மேடையில ஏறி உங்களை நல்ல மனுசன்னு சொல்லுவாங்க. நான் வரமாட்டேன் சார்."

"வர வேண்டாம்மா" என்றார் வேதமணி. "கால்ல அந்தத் துணியை இவ்வளவு இறுக்கிக் கட்டாதே."

அவள் மட்டையை எடுத்துக்கொண்டு விடுதிப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

விழா இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. முதல்வர் பேசினார். பதினைந்து வருடத்துக்கு முந்திய அணியின் கேப்டன், இப்போது ரயில்வேயில் இருப்பவள், பேசினாள். "சார்கிட்ட ஆடின ஒருத்திக்குக்கூட அவர் மேல வருத்தம் இருந்ததில்லை" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். வேதமணி தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனியைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி, இறங்கிவிட்டாள்.

முடிந்த பிறகு அவருடைய ஸ்கூட்டர் நிற்கும் இடம் வரைக்கும் மாலைகளைச் சுமந்துகொண்டு கூடப் போனாள்.

"லிஸ்ட் எடுத்தது நான் சார்."

"ஆமா."

"அவ பேசினதெல்லாம் எனக்கு வர வேண்டியது. நீங்க வாங்கிக்கிட்டீங்க."

அவர் மாலைகளை வாங்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்தார். பூ நசுங்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இருபத்து நாலு வருஷம் இருந்துட்டு, போற அன்னைக்கு ஒரு பிள்ளை வெறுக்கிற மாதிரி போகணுமா சார்? நாளைக்கு நான் சொல்லியிருப்பேனே."

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு அவ மைதானத்துக்கு வரணும்" என்றார் வேதமணி. "யார் முகத்தைப் பார்த்து வருவா?"

சண்முகக்கனி விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அவ கோபத்தைத் தாங்க ஒரு மத்தியானம் போதும் கனி. உனக்கு அவளோட இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."