சீராக வந்த தண்ணீர்

தமிழர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு பெரும்பிழையை முதலில் திருத்தியாக வேண்டும். ஒருவரைத் திட்டும்போது ‘கொழுப்பு’ என்கிறோம். திமிர் என்று பொருள்கொள்கிறோம். தவறு. உடம்பிலேயே பணிவானது கொழுப்புதான். நீரில் கரையாத நஞ்சுகள் பல வந்து கதவைத் தட்டும்போது, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும்.

மயிலாத்தாளுக்கும் மறுக்கத் தெரியாது. அவள் வாக்கப்பட்டு வந்தபோது கணவன் நாச்சிமுத்துவின் கிணறு வற்றிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சாயப்பட்டறை நடத்திய அவள் அண்ணன் சின்னியப்பன், தன் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தங்கை வீட்டுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். பிறந்த வீட்டுச் சீர் என்று ஊரே மெச்சியது. சில வருஷங்களில் தண்ணீர் லேசாகச் சிவந்து வந்தது.

“குழாயை அடைச்சுப்போடலாம் புள்ள” என்றான் நாச்சிமுத்து.

“சீரைத் திருப்பிவிட்டா அண்ணன் மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது? வேணும்னா வடிகட்டிக் குடிங்க.”

துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். அண்ணன் வரும்போதெல்லாம் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். பெரிய மனுஷர் பழக்கம் என்று அவளுக்கு அதிலும் பெருமை.

இப்போது அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. பொருந்தியது தங்கையின் ஈரல் ஒன்றுதான். தருகிறேன் என்று சத்தியம் செய்தாள். அவளைச் சோதித்த டாக்டர், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சர்க்கரையும் எட்டிப்பார்க்கிறது, இளைத்தால்தான் ஈரலில் ஒரு பகுதியை எடுக்க முடியும் என்றார்.

“உனக்குக் கொழுப்புன்னு நான் எப்பவோ சொன்னேன். டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்குது” என்றான் நாச்சிமுத்து. அவள் சிரித்தாள். மறுநாளிலிருந்து மோரும் வெள்ளரிக்காயும்தான்.

எடை மளமளவென்று இறங்கியது. ரத்தச் சோதனையோ முன்னைவிட மோசமாக வந்தது.

“கொழுப்பு கரையக் கரைய, அதுல தங்கியிருந்த கெமிக்கல் ரத்தத்துல இறங்குதும்மா. உங்க ஈரல் கெட்டது அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த வேகம் வேண்டாம். ஆறு மாசம் எடுத்துக்குங்க” என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு ஆறு மாதம் இல்லை. மயிலாத்தாள் மோரையும் நிறுத்தினாள். நாச்சிமுத்து யாரையும் கேட்காமல் போய்க் குழாயைச் சிமெண்டு வைத்து அடைத்தான். இரண்டும் காதுக்கு எட்டியதும் சின்னியப்பன் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார்.

“உன் ஈரல் எனக்கு வேண்டாம் அம்மிணி. போய் வயிறாரச் சாப்பிடு.”

“ஏனுங்ணா இப்படிப் பேசறீங்க? நான் சத்தியம் பண்ணியிருக்கறேன்.”

“அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தியத்துக்காகப் பட்டினி கிடந்தவள், சீரை அடைத்தவன், கிடைக்கவிருந்த உயிரை வேண்டாம் என்றவர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தவர்கள் அந்தப் பாட்டிலை மறந்துவிட்டார்கள். தங்கை வீட்டுத் தண்ணீரை ஒருநாளும் தொடாதவர், கடைசியிலும் தொடவில்லை. அது தியாகமா, பழைய எச்சரிக்கையா என்று பிரித்துச் சொல்லும் சோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. தங்கையோ, கொடுக்க நினைத்த ஈரலைத் தானே கெடுத்துக்கொண்டாள். சரியானதைச் செய்தவன் நாச்சிமுத்துதான்; இருபது வருஷம் கழித்துச் செய்தான்.

சின்னியப்பன் மாசியில் இறந்தார். துக்கத்துக்கு வந்த பெண்கள் மயிலாத்தாளைத் தனியே அழைத்து, இவ்வளவு இளைக்க என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.