சுமார்தான் சார்

விக்டோரியா காலத்து எண்ணூறு பக்க நாவல் எப்படி என்று ஆங்கிலப் பேராசிரியர் தணிகாசலம் வகுப்பில் கேட்டார். கைடு வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் "அற்புதம்" என்றார்கள். கடைசி பெஞ்சு இசக்கியம்மாள் மட்டும், "சுமார்தான் சார்" என்றாள்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அந்த முடிவுக்கு அழாதவ மனுஷியா? இப்பவே எல்லார் முன்னாலயும் அழு. இல்லேன்னா இன்டர்னல் மார்க் கிடையாது!"

"எப்படி அழணும்னு நீங்களே காட்டுங்க சார்."

கதாநாயகி ஹாரியட் காய்ச்சலில் கிடந்து உயிர்விட்டதை உருக்கமாகச் சொல்லி, அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

இசக்கி நாவலின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இதுல காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறா சார். அவ செத்தது கைடுலதான். நான் நாவலை முழுசாப் படிச்சவ, அதனால இப்பவும் சொல்றேன். சுமார்தான்."