இருபத்து மூன்று வரிகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் ஸ்டெல்லா மேரி. கணினி ஆசிரியை. சீடர் தெய்வசிகாமணி, ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடங்களாகக் கணக்கு நடத்துகிறவர்.

அந்த வருடம் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பன்னிரண்டு சனிக்கிழமைகள் பயிற்சிக்குப் போக வேண்டும். யாரும் முன்வரவில்லை. தலைமை ஆசிரியர் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு, போயிட்டு வாங்க சார்."

மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் இளம்பிறை காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண். தெய்வசிகாமணி மறுப்புச் சொல்லாமல் தலையாட்டினார். அந்த மூன்று மாதங்களில் அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை யாரும் கணினியை இயக்கவில்லை. ஸ்டெல்லா பதினெட்டு ஆசிரியர்களையும் வராந்தாவில் நிற்கவைத்தாள்.

"உயரப்படி நிக்கணும். ஆனா, எப்படி நிக்கணும்னு ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதித் தரணும். யார் எழுதுறீங்க?"

பிரேயருக்குப் பிள்ளைகளை நிறுத்துவதுபோலத்தானே என்று சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஒரு பக்கம் எழுதினார். அதன்படி நின்றபோது வரிசை குலைந்துபோனது. தெய்வசிகாமணி மூன்றே வரிகள் எழுதியிருந்தார்.

"வலதுபக்கம் நிற்பவரைப் பார். அவர் உன்னைவிடக் குட்டை என்றால் இடம் மாறு. ஒருவரும் மாற வேண்டியிராதவரை இதையே செய்."

கொஞ்ச நேரத்தில் வரிசை ஒழுங்காக நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் வந்தார்.

"இதெல்லாம் படிச்சா பிள்ளைங்களுக்கு என்ன தீரும் டீச்சர்?"

"தெரியல சார். சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம்."

ஐந்தாவது சனிக்கிழமை அவள் வேண்டுமென்றே தவறாக எழுதிய ஒரு புரோகிராமைக் கொடுத்தாள். ஐந்து பாட மதிப்பெண்களின் சராசரி நூற்றுப் பத்து என்று வந்தது. எல்லாரும் தவறு எங்கே என்று ஆளுக்கொரு யூகம் சொன்னார்கள்.

"யூகிக்காதீங்க. முதல் வரியிலிருந்து நடங்க. ஒவ்வொரு வரியிலயும் நின்னு, கையில என்ன இருக்குன்னு பாருங்க."

தெய்வசிகாமணி கேட்டார்.

"எந்தத் தப்பையும் இப்படிக் கண்டுபிடிச்சிடலாமா டீச்சர்?"

"எந்த வரியில இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம் சார்."

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் மற்றவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். கணினி அறையில் ஸ்டெல்லா தனியாக இருந்தாள். தெய்வசிகாமணி நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு டீச்சர். என்னால கண்டுபிடிக்க முடியல."

புரோகிராம் என்று நினைத்து அவள் பிரித்தாள். அழகான கையெழுத்து. வரிகளுக்கு எண் போட்டிருந்தது.

"1. திங்கள் மாலை. உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்தேன். அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால்?

2. திங்கள் இரவு. கஞ்சி வேண்டாம் என்றாள். வற்புறுத்திக் குடிக்க வைத்திருந்தால்?

3. செவ்வாய். டாக்டர் வைரல் காய்ச்சல் என்றார். வேறு டாக்டரைப் பார்த்திருந்தால்?"

அப்படியே இருபத்து மூன்று வரிகள். கடைசி வரி தவிர ஒவ்வொன்றும் 'இருந்தால்' என்று முடிந்தது. இருபத்து மூன்றாவது வரியில் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து பத்து என்று எழுதி, கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அவருக்கு ஒரு மகள் இருந்ததும் அவள் இறந்துபோனதும் ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சார்... இது உங்க தப்பு இல்ல சார்."

தெய்வசிகாமணி தாளுக்காகக் கையை நீட்டினார்.

"குடுத்துடுங்க டீச்சர்."

"சார்..."

"நாலு மாசமா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஒருத்தரும் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லல."

ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கியது. தாளை அவள் திருப்பித் தரவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. நடந்து பார்ப்போம்."

மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். முதல் வரி மட்டும் தெரியும்படி, மற்ற வரிகளின் மேல் அதை வைத்து மூடினாள்.

"முதல் வரியில நிக்கறீங்க. கீழ ஒண்ணும் இல்ல. கையில என்ன இருக்கு?"

"காய்ச்சல். நூத்தியொண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. ஆனா அது டெங்குன்னு..."

"அது இந்த வரிக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

அவர் வெள்ளைத் தாளின் ஓரத்தைத் தூக்கப் போனார். ஸ்டெல்லா அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"கீழ இருக்கு," என்றார்.

முதல் வரியின் ஓரத்தில் அவள் பென்சிலால் 'தெரியாது' என்று எழுதினாள். தாளை ஒரு வரி கீழே இறக்கினாள்.

அப்படி ஒவ்வொரு வரியாக நடந்தார்கள். பத்தாவது வரியில் அவர் விரலை வைத்தார்.

"வியாழக்கிழமை காய்ச்சல் விட்டுடுச்சு டீச்சர். அதுதான் ஆபத்தான நேரமாம். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

"ஆபத்தான நேரம்னு யார் சொன்னாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். கடைசியில."

"நாம இப்ப பத்தாவது வரியில இருக்கோம். காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்த்து என்ன செஞ்சீங்க?"

"சந்தோஷப்பட்டேன். தோசை வேணும்னா. அவங்க அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நானே சுட்டுக் குடுத்தேன். ஒண்ணரை தோசை சாப்பிட்டா."

ஸ்டெல்லாவால் உடனே எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்த வரிக்கும் 'தெரியாது' என்று எழுதினாள்.

பதினாறாவது வரி. "வெள்ளி காலை. அரையாண்டுப் பரீட்சைக்கு அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருந்தால்?"

"கையில என்ன இருக்கு சார்?"

"காய்ச்சல் இல்ல. நார்மல்."

"வேற?"

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேற என்ன இருந்துச்சு சார்?"

"ஆறு மணிக்கு பாத்ரூம்ல வாந்தி எடுத்தா. நான் வெளியில பல் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பினாள்.

"வெளிய வந்து என்னைப் பார்த்தா. வயிறு வலிக்குதுப்பா, இன்னிக்கு வேண்டாமேன்னா. அன்னிக்குக் கணக்குப் பரீட்சை டீச்சர். கணக்கு வாத்தியார் மகளே வரலைன்னா ஸ்கூல்ல என்ன பேசுவாங்கன்னு நினைச்சேன். எழுதிட்டு வந்து படுத்துக்கோன்னேன். சரிப்பான்னு போயிட்டா. பதினோரு மணிக்குப் பரீட்சை ஹால்லயே விழுந்துட்டா."

"வாந்தி எடுத்தது தாள்ல இல்லையே சார்."

"இல்ல."

"வேண்டாம்னு கேட்டதும் இல்ல."

"இல்ல. வீட்டுல அவங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

அவள் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. பென்சிலை அவரிடம் நீட்டினாள். இருபத்தாறு வருடங்களாகக் கரும்பலகையில் நேர்க்கோடாக எழுதிப் பழகிய கை. பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் அதை எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

மிச்ச வரிகளையும் அவள் விடவில்லை. ஆட்டோவில் போனது, முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனது, ரத்தத்துக்கு யார் யாருக்கோ போன் செய்தது. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரியாக நின்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்றே எழுத வேண்டி வந்தது. கடைசி வரியின் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு வெள்ளைத் தாளை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

தெய்வசிகாமணி இடையில் எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா டீச்சர்?"

"வாந்திச் சத்தம் கேட்டப்ப, உயிர் போயிடும்னு தெரியுமா?"

"தெரியாது."

"பிள்ளைக்கு முடியலைன்னு தெரியுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தெரியும்."

அவள் அந்த வரியின் ஓரத்தில் இரண்டையும் எழுதினாள். முதலில் 'தெரியாது'. அதன் கீழே 'தெரியும்'.

வராந்தாவில் பேச்சுக் குரல்கள் கேட்டன. மற்ற ஆசிரியர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"இதை எப்படித் திருத்துறது டீச்சர்?"

"திருத்த முடியாது சார்."

"அப்புறம் எதுக்குக் கண்டுபிடிச்சோம்?"

ஸ்டெல்லா தாளை அவர் மடித்திருந்த மடிப்பிலேயே நான்காக மடித்தாள். அவர் கையில் வைத்தாள்.

"நாலு மாசமா இருபத்து மூணு வரிக்கும் அழுதுக்கிட்டு இருந்தீங்க. இனிமே அந்த ஒண்ணுக்கு மட்டும் அழுங்க சார்."