வரி முடியும் இடம்

சற்குணத்துக்கு வயது அறுபத்து மூன்று. ஆலயத்தில் முப்பத்தொரு வருஷமாக ஆர்கன் வாசிப்பவர். பாடகர் குழுவை நடத்துபவரும் அவர்தான். இனிமேல் யாரிடமும் போய் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தார்.

அந்த வருஷம் குருவானவர் ஒரு வேலை சொன்னார்.

"சார், நம்ம சேகரத்துல பதினொரு கிராமக் கோயில் இருக்கு. ஒண்ணுலயும் வாசிக்க ஆள் இல்ல. நீங்க முப்பது பாட்டு பதிவு பண்ணிக் கொடுத்தா அதைப் போட்டுட்டு சபையார் கூடவே பாடிக்கிடுவாங்க."

சற்குணம் ஒத்துக்கொண்டார். மகன் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் பியானோ வீட்டில் இருந்தது. அவன் விட்டுப்போன லேப்டாப்பும் இருந்தது. இரண்டையும் சேர்க்கத்தான் தெரியவில்லை. கடையில் ஒரு கேபிள் வாங்கிச் சொருகிப் பார்த்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஹெப்சிபாவிடம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார்.

ஹெப்சிபாவுக்கு முப்பத்து நான்கு வயது. அதிகம் பேசமாட்டாள். அவள் அறையிலும் அதேபோல ஒரு பியானோ இருந்தது.

"எதுல சொருகுனீங்க, அண்ணாச்சி?"

"முன்னால தட்டையா ஒரு ஓட்டை இருக்கே, அதுல."

"அது பென் டிரைவுக்கு. கேபிளும் வேற, இதை வச்சுக்கிடுங்க. பின்னால சதுரமா ஒண்ணு இருக்கும், தடவிப் பாருங்க."

தடவினார். இருந்தது. சொருகினார். லேப்டாப்பின் திரையில் பியானோவின் பெயர் வந்து நின்றது. அவருக்குச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷம்.

"மைக் எங்க வைக்கணும், டீச்சர்?"

தன் மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட அவர் கூச்சப்படவில்லை. கற்றுக்கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை.

"மைக் வேண்டாம்."

"பிறகு சத்தம் எப்படி உள்ள போகும்?"

"சத்தம் போகாது. எந்தக் கட்டையை அழுத்துனீங்க, எப்போ அழுத்துனீங்க, எவ்வளவு பலமா, எப்போ விட்டீங்க. அவ்வளவுதான் போகும். சத்தத்தை கம்ப்யூட்டர் பிறகு போட்டுக்கிடும்."

"அப்போ அதுக்குக் காது கிடையாதுன்னு சொல்லுங்க."

"காதும் கிடையாது, முகதாட்சண்யமும் கிடையாது."

சற்குணம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் வியாழக்கிழமை. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். காதுக்குள் டிக், டிக் என்று தாளம் எண்ணும் சத்தம் ஓடியது. அதற்கு ஏற்றபடி முதல் பாட்டை வாசித்தார். நாலு வரிப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கக்கூடிய பாட்டு.

முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். தாளத்துக்கு ஒன்றாக நெட்டுக்கோடுகள். அழுத்திய ஒவ்வொரு கட்டையும் ஒரு சின்னப் பச்சைப் பட்டை. பட்டைகள் கோட்டை ஒட்டி வரிசையாக நின்றன. நாலு இடத்தில் மட்டும் கோட்டைத் தாண்டி விலகி நின்றன.

"இது என்ன, டீச்சர்?"

"நீங்க பிந்துன இடம்."

"நானா?"

"ஆமா."

"கேபிள்ல ஏதோ கோளாறு. அழுத்துனதை அது மெதுவா கொண்டுபோகுது."

ஹெப்சிபா அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். அதே கேபிள், அதே பாட்டு. எல்லாப் பட்டையும் கோட்டின்மேல் நின்றது. எழுந்துகொண்டாள்.

"இப்போ நீங்க பாட்டு இல்லாம, கட்டையில வரிசையா ஏறி இறங்கி வெறும் ஸ்கேல் வாசிங்க."

வாசித்தார். எல்லாம் கோட்டில் நின்றது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இனி பாட்டை வாசிங்க."

வாசித்தார். நாலு வரி. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் பட்டைகள் விலகி நின்றன. வேறு பாட்டு வாசித்தார். இன்னொன்று வாசித்தார். ஐந்து பாட்டுக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இது எத்தனை வருஷமா இருக்கும்?"

"அது இதுக்குத் தெரியாது, அண்ணாச்சி. இதுக்கு இன்னைக்குத்தான் உங்களைத் தெரியும்."

ஹெட்போனின் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு அவராகவே சொன்னார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் குழுவில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி பாடினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல கனமான குரல். ஆனால் வரி முடிகிற இடத்தில் மற்றவர்கள் போன பிறகும் அவள் குரல் தனியாகப் பின்னால் நிற்கும். "இழுக்காத!" என்று சற்குணம் சத்தம் போடுவார். மறு வாரமும் நிற்கும். மறுபடியும் சத்தம் போடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கி மூடினார். "உனக்குக் காது இருக்கா, இல்லையா? போய் ஜனங்களோட உட்காரு" என்றார்.

அவள் ஜனங்களோடு உட்காரவில்லை. நடுப் பாதை வழியாக நடந்து வெளியே போனாள். பிறகு அந்தக் கோயிலுக்கே வரவில்லை.

"அவ போன பிறகு பாட்டு சரியாயிட்டுன்னு நினைச்சேன், டீச்சர். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

ஹெப்சிபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். விலகி நின்ற பட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் ஓடிப்போய்க் கோட்டில் ஒட்டிக்கொண்டன. பாட்டை ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லை.

சற்குணம் கேட்டு முடித்தார். அவர் முகம் தெளியவில்லை.

"எல்லாம் சரியாயிட்டா, டீச்சர்?"

ஹெப்சிபா மவுஸை அவர் கையில் கொடுத்தாள்.

"இதை இடது பக்கமா நகத்துங்க."

நகர்த்தினார். பட்டைகள் ஓடின. ஒன்று என்று எண் போட்ட இடத்தில் போய் நின்றன.

"இன்னும் நகத்துங்க."

"போகமாட்டேங்குதே."

"போகாது. இதுக்கு அங்கதான் ஆரம்பம்."

"அப்போ அதுக்கு முன்னால உள்ளது?"

"அந்த அம்மா இப்போ எங்க இருக்காங்க, அண்ணாச்சி?"

சற்குணம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

விசாரிக்க இரண்டு நாள் ஆனது. தங்கபுஷ்பம் ஓய்வுபெற்று நாசரேத்தில் தங்கையோடு இருக்கிறாள் என்று தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தார்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க, சார்" என்று நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"தங்கபுஷ்பம், பாட்டை இழுத்தது நீ இல்லம்மா. நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. கீரை சுளகில் விழுந்துகொண்டே இருந்தது.

"எப்போ தெரிஞ்சுது?"

"போன வியாழக்கிழமை."

"எனக்கு அப்பவே தெரியும், சார்."

"தெரியுமா? பிறகு ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா?"

சற்குணம் குனிந்து சுளகில் கிடந்த கீரையைப் பார்த்தார்.

"வரி முடியுற இடத்துல நீங்க எங்க பக்கமா கழுத்தைத் திருப்பிப் பார்ப்பீங்க" என்றாள் அவள். "யாரு தப்புப் பண்ணுதான்னு தேடுவீங்க. அந்த நேரம் உங்க கை நின்னுபோகும். மத்தவங்க அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க. எனக்கு ஆர்கனை விட்டுட்டுப் போக மனசு வராது. நீங்க வந்து சேருற வரைக்கும் நிப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

சற்குணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

அவள் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். போனவள் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். அந்த நேரம் காப்பியோடு வந்தாள்.

"சீனி போட்டிருக்கேன். குடிப்பீங்கள்லா?"

"குடிப்பேன்."

குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் பாட வருவியாம்மா?" என்று கேட்டார்.

"பதினெட்டு வருஷமா நான் பாடல, சார். வீட்டுக்குள்ளகூட."

அவர் எழுந்துகொண்டார். வாசல்வரைக்கும் கூட வந்தவள், அங்கே நின்று ஒன்று சொன்னாள்.

"என்கிட்ட மட்டும் வந்து சொல்லுதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, ஆசீர்வாதம் முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கப் போன நேரம், சற்குணம் முன்னால் வந்து நின்றார். குருவானவர் என்ன என்பதுபோலப் பார்த்தார். சற்குணம் மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. தன் குரலிலேயே சொன்னார்.

"இந்த இடத்துலதான் தங்கபுஷ்பத்துக்குக் காது இல்லன்னு சொன்னேன். கேட்டவங்க நிறையப் பேரு இன்னைக்கும் இருக்கீங்க. இழுத்தது அவ இல்ல. நான். எனக்காக அவ நின்னா. அதுக்காகத்தான் நான் அவளை வெளிய அனுப்பினேன்."

அன்றைக்குக் குழுவில் பாடியவர்களில் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தனக்குத்தான் தெரியாமல் இருந்ததோ என்று சற்குணத்துக்கு அந்த நிமிஷம் தோன்றியது. ஆனால் அவர்கள் பக்கமாக அவர் திரும்பவில்லை. ஆர்கனை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

தங்கபுஷ்பம் வரவில்லை. சொல்லியனுப்பவும் இல்லை. யாராவது போய் அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். சற்குணம் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெப்சிபாவிடம் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவ மன்னிச்சேன்னு சொல்லல, டீச்சர்."

"காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"வாசிங்க."

அவரே கேபிளைச் சொருகினார். அவரே லேப்டாப்பைத் திறந்தார். பியானோவின் பெயர் வந்து நின்றதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் வரி முடிகிற இடம் வந்தது. கழுத்து தானாக இடது பக்கம் அசைந்தது. அசைவதை முதன்முறையாக அவரே உணர்ந்தார். அந்தப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது. இரண்டாம் வரியில் அசைவு குறைந்தது. நாலாம் வரியில் தலை நேராக இருந்தது. கை நிற்காமல் போனது.

ஹெட்போனைக் கழற்றினார். திரையைப் பார்க்கவில்லை. ஹெப்சிபாவைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க. நான் கழுத்தைத் திருப்புறதைப் பார்த்திருப்பீங்க."

"அந்த வியாழக்கிழமையே பார்த்தேன். முதல் வரியிலேயே."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் தெரிஞ்சுக்கிட்டிருப்பேனே."

ஹெப்சிபா பதிவைச் சேமித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லியிருந்தா உங்க கழுத்து மட்டும்தான் நேராயிருக்கும், அண்ணாச்சி."